நூற்று நாற்பத்திரண்டாவது கைப்பிடி

முதலில் ஒரு விடுகதை. கீழே நெருப்பு, நடுவே செம்பு, மேலே தண்ணீர். மூன்று நாள் எரித்தும் தண்ணீரில் ஒரு குமிழி வரவில்லை. அண்டாவில் ஓட்டை கிடையாது, விறகில் ஈரம் கிடையாது, எரித்தவர் தொழில் தெரியாதவரும் கிடையாது. அப்படியானால் அந்த அண்டாவில் எது குறைந்தது?

உடனே சொல்லிவிட வேண்டாம். அடம்பன்விளையில் அறுநூறு பேர் இந்த விடுகதையைச் சுற்றி மூன்று நாள் பசியோடு நின்றார்கள். அவர்களில் சிலருக்கு விடை முதல் நாளே தெரிந்திருந்தது. அவர்கள்தான் மற்ற எல்லோரையும்விட அதிக நேரம் பேசாமல் நின்றார்கள்.

அடம்பன்விளை கடலுக்கும் தேரிக்கும் நடுவில் இருக்கிற ஊர். தேரி என்பது சிவப்பு மணல்மேடு. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் நகரும். இன்று முழங்கால் உயரம் இருக்கிற இடம் ஒரு வருடத்தில் ஆள் உயரம் ஆகிவிடும். ஊருக்கு நடுவில் உச்சியில் சிலுவை வைத்த வெள்ளையடித்த கோயில், அதன் பக்கத்தில் சுவர் வைத்த கல்லறைத் தோட்டம், இரண்டுக்கும் முன்னால் பெரிய வெளி. வருடத்துக்கு ஒரு தடவை, ஆடிக்காற்று அடங்கிய பிறகு, அந்த வெளியில் அசனப் பண்டிகை நடக்கும். அசனம் என்றால் சாப்பாடு. ஊரிலுள்ள எல்லா வீட்டுக்கும் ஒரே அடுப்பில் பொங்கி, எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் அசனம். வரிசை கல்லறைத் தோட்டத்து வாசலிலிருந்து தொடங்கும். முன்னால் போனவர்களும் வரிசையில் சேர்ந்தவர்கள் என்பதற்காக அப்படி.

அதற்கான அரிசி ஒரு நாளில் சேர்வதல்ல. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும், அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து ஒரு கலயத்தில் போடுவார்கள். ரேஷன் அரிசி போடுகிற வீடு ரேஷன் அரிசி போடும், பொன்னி போடுகிற வீடு பொன்னி போடும், இட்லி அரிசி தவிர வேறில்லாத நாளில் இட்லி அரிசி விழும். அத்தனையும் ஒரே அண்டாவில் கொட்டப்படும். எந்த அடுப்பங்கரையிலும் ஐந்து நேரத்தில் வேகக்கூடிய ஐந்து வகை அரிசி அந்த அண்டாவில் மட்டும் ஒரே நேரத்தில் வெந்து இறங்கும். இதை யாரும் ஆச்சரியமாகப் பேசியதில்லை. அசன அரிசி அப்படித்தான் என்றிருந்தார்கள்.

இரண்டு விதிகள் உண்டு. அசனத் தீ மூட்டிய பிறகு ஊரில் வேறு அடுப்பு எரியக்கூடாது, வேறு தீயில் வெந்ததைத் தின்னக்கூடாது. கடைசி ஆள் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை அந்தத் தீ அணையக்கூடாது. இந்த விதிகளை வைத்தது யார் என்று தெரியாது. போதகர்கள் வந்து போனார்கள், கமிட்டிகள் மாறின, இந்த இரண்டை மட்டும் யாரும் தொடவில்லை.

மற்றவற்றைத் தொட்டார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் வருகிறவர்களுக்குத் தரையில் உட்கார முடியவில்லை என்று, மூன்று வருடத்துக்கு முன்னால் பந்தலுக்கடியில் ஒரு பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியும் மேசையும் போட்டார்கள். அடுத்த வருடம் வர முடியாதவர்களுக்குப் பார்சல் வந்தது. அதற்கடுத்து ஆராதனையை வீட்டிலிருந்தே பார்க்கும்படி போனில் நேரலை வந்தது. இந்த வருடம் கைப்பிடி அரிசியையே நிறுத்திவிட்டு, ஒரே ரகத்தில் இருபது மூட்டை வாங்கினார்கள்.

"ஒண்ணு குண்டு, ஒண்ணு சன்னம், ஒண்ணு சிவப்பு. வீடியோவுல பாக்க நல்லாவா இருக்கு?" என்று கேட்டார் சபைச் செயலாளர் தங்கத்துரை. அவர் கெட்ட மனிதர் அல்ல. ஊருக்குத் தண்ணீர் வராத நாளில் தானே மோட்டார் அறைக்குள் இறங்கிக் கையைக் கருப்பாக்கிக்கொள்கிறவர். எழுதி வைத்ததை எழுதி வைத்தபடி செய்ய வேண்டும் என்பது அவருடைய குணம்.

சனிக்கிழமை காலையில், முப்பத்தொரு வருடமாக அசனம் பொங்குகிற பாக்கியநாதன் ஜெபம் முடிந்ததும் தீ மூட்டினார். புளிய விறகு நன்றாகப் பற்றியது. தீயின் நாக்கு அண்டாவின் இடுப்புவரை ஏறியது. ஒரு மணி நேரம் கழித்து அவர் மூடியைத் தூக்கிப் பார்த்தார், பிறகு விரலை விட்டுப் பார்த்தார், பிறகு முழங்கைவரை கையை விட்டு அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்கியண்ணே, குளிக்கியளா?" என்றான் ஒருவன்.

"நீயும் வா. நல்லா குளுகுளுன்னு இருக்கு" என்றார் பாக்கியநாதன். அவர் சிரிக்கவில்லை.

மதியத்துக்குள் அண்டாவை மாற்றினார்கள். சாயங்காலத்துக்குள் அடுப்பை மாற்றினார்கள். பெங்களூரிலிருந்து வந்த எஞ்சினியர் மருமகன் ஒருவர் கம்பி மாதிரி ஒரு வெப்பமானியைத் தண்ணீருக்குள் விட்டு, பிறகு தீக்குள் காட்டி, மறுபடி தண்ணீருக்குள் விட்டு, அதை உதறி உதறிப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவுதான் காட்டியது. நேரலையில் பார்த்தவர்கள் ஆமென், ஆமென் என்று போட்டார்கள். பார்சலுக்குக் காத்திருந்தவர்கள் எப்போது வரும் என்று கேட்டுப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனபோது ஊர் அதற்குப் பழகிவிட்டது. மின்சாரம் போனால் கேட்கிற மாதிரி, "இன்னும் சூடாகலையா?" என்று கேட்டுக்கொண்டு போனார்கள். "இன்னும் இல்ல" என்று பதில் வந்தது. குழந்தைகள் அண்டாவில் கப்பல் விட்டார்கள். பெண்கள் தேங்காய் உடைத்தார்கள், வாழைப்பழம் பங்கு வைத்தார்கள், வேர்க்கடலையைப் பச்சையாக உரித்தார்கள். டீ இல்லாமல் தலையைப் பிடித்துக்கொண்டு பெரியவர்கள் புளியமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டவுனுக்குப் போய் புரோட்டா தின்றுவிட்டு வந்தவனை வாயை முகர்ந்து கண்டுபிடித்தார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை, ஆனால் அவன் உட்கார்ந்த இடத்தில் இரண்டு பக்கமும் காலியாகிவிட்டது. தங்கத்துரையின் மூத்த மகள், நிறைமாதக் கர்ப்பிணி, இரண்டு தடவை மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்தார்கள். தண்ணீருக்கு மட்டும் பஞ்சமில்லை.

ஊருக்குக் கடைசியில், தேரி ஏறத் தொடங்குகிற இடத்தில், ஒரே ஒரு கூரையிலிருந்து புகை வந்தது.

அது சொர்ணத்தின் வீடு. சொர்ணம், தங்கத்துரையின் தம்பி லேவியின் மனைவி. நாற்காலி போட்ட வருடத்தில், பாதிப் பேர் மேலேயும் பாதிப் பேர் கீழேயும் உட்கார்ந்த அந்தப் பந்தியைப் பார்த்துவிட்டு, லேவி தன் இலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். "இது ஒரே வரிசை இல்லண்ணே. ஒரே வரிசை ஆகும்போது சொல்லுங்க, வாரேன்" என்றான். அதன் பிறகு கோயிலுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேரியில் ஒரு பனைக்கு அடியில் உட்கார்ந்து தனியாகப் பாடினான். காற்று இந்தப் பக்கம் அடித்தால் ஊருக்குக் கேட்கும். ஒரு வருடம் முழுக்கக் கோயிலில் திருவிருந்து அப்பம் எடுக்காதவருடைய வீட்டைச் சபைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று சபைச் சட்டத்தில் இருந்தது. தங்கத்துரை ஒரு வருடம் தள்ளிப்போட்டு, போன அசனம் முடிந்ததும் எடுத்தார். அடுத்த மாதம் லேவியைப் பாம்பு கடித்தது. பதிவேட்டில் இல்லாதவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை என்றும் சட்டத்தில் இருந்தது. தங்கத்துரை அழுதுகொண்டே அதையும் படித்துக் காட்டினார். லேவியை அவன் பாடிய பனைக்கு அடியிலேயே புதைத்தார்கள்.

பதிவேட்டில் இல்லாத வீட்டுக்கு அசன விதியும் இல்லை. அதனால் சொர்ணம் தன் அடுப்பில் கஞ்சி வைத்தாள். கஞ்சி வாசனை தெருவுக்கு வந்தது. தங்கத்துரையின் இளைய மகள் ஜெனிபா, வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். சொர்ணத்தின் மகள் கிறிஸ்டில்டா இந்தப் பக்கம் நின்றாள். இரண்டு பேருக்கும் பத்து வயது.

"என்ன குழம்பு?" என்றாள் ஜெனிபா.

"குழம்பு இல்ல. துவையல். உள்ள வா."

"அப்பா கொன்னுருவாரு."

"நான் தூக்கிட்டு வாரேன். வேலிக்கு மேல தாரேன்."

ஜெனிபா வேலிக்கு மேல் எக்கி அடுப்பைப் பார்த்தாள். "வாசனையோட நிறுத்திக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிறு மதியம்தான் அது நடந்தது. மேலத்தெரு ஏசுமணி, கமிட்டி நிறுத்தியும் நிறுத்தாமல் பழக்கத்தில் கைப்பிடி போட்டுக்கொண்டே வந்தவள், தன் கலயத்தைக் கொண்டுவந்து, "இருந்துட்டுப் போகுது" என்று அண்டாவில் கொட்டினாள். தண்ணீர்மேல் நூல்போல ஆவி எழுந்தது. பாக்கியநாதன் விரலை விட்டார். குளிர் விட்டிருந்தது.

அதற்குப் பிறகு யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீடு வீடாகக் கைப்பிடி வந்தது. கலயம் இல்லாத வீட்டார் டப்பாவிலிருந்து அள்ளி வந்தார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறந்து, வண்டு விழுந்த அரிசியைத் தேடி எடுத்து உறவுக்காரர்கள் போட்டார்கள். ஒவ்வொரு கைப்பிடிக்கும் தண்ணீர் ஒரு துளி சூடானது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து வந்து போட்டார்கள், போட்டவர்கள் திரும்பிப் போய் உட்காராமல் அங்கேயே நின்றார்கள். இருட்டுவதற்குள் பதிவேட்டிலிருந்த நூற்று நாற்பத்தொரு வீடும் முடிந்தது. விரலை வைக்க முடியாத சூடு. ஆனால் குமிழி இல்லை. பாக்கியநாதன் இரவெல்லாம் விறகு தள்ளினார். குமிழி வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஒரு லாரி புளிய விறகும் தீர்ந்தது. தென்னை மட்டை போனது, வேலிக் கம்பு போனது, உடைந்த கதவு, ஏணி, பழைய பிரசங்க மேடை, ஒன்றன்பின் ஒன்றாகக் கோயில் பெஞ்சுகள் போயின. வாடகைக்கு எடுத்த இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும் பந்தலுக்கடியில் அப்படியே இருந்தன. அவற்றை எரிக்க முடியாது. தேரியில் காய்ந்த பனை மட்டையும் அடிக்கட்டையும் மலைபோலக் கிடந்தன. அது லேவி படுத்திருக்கிற பக்கம். அந்தப் பக்கம் விறகுக்குப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை.

"ஒரு வீடு குறையுது" என்றார் பாக்கியநாதன்.

தங்கத்துரை பதிவேட்டைத் திறந்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். "எல்லாரும் போட்டாச்சு. இதுல ஒரு வீடும் பாக்கி இல்ல."

"அதுல இல்லாத வீடு?"

தங்கத்துரை பதிவேட்டை மூடினார். தன் வீட்டுக்குப் போய் இன்னொரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, "இது என் தம்பி வீட்டுக்கு" என்று சொல்லிப் போட்டார்.

ஆவி நின்றுவிட்டது. பாக்கியநாதன் விரலை விட்டு, வெளியே எடுக்காமல் அவரைப் பார்த்தார். "ஆறுது தங்கத்துரை. இன்னொரு தடவ இப்படிப் போடாதிய."

அப்புறம்தான் மூன்று பேர் சொர்ணத்தின் வீட்டுக்குப் போனார்கள்: தங்கத்துரை, பாக்கியநாதன், ஆறு மாதத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்த இளம் போதகர். சொர்ணம் முற்றத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"வாங்க அத்தான். பாதை தெரிஞ்சுதா?"

தங்கத்துரை நின்றார். "ஒரு கைப்பிடி அரிசி வேணும் சொர்ணம்."

"எந்த வீட்டுக்கு? பதிவேட்டுல இல்லாத வீட்டுக்கா?"

"பிள்ளைங்க பசியில கிடக்கு. என் மூத்தவ ரெண்டு தடவ விழுந்துட்டா."

சொர்ணத்தின் கை நின்றது. பிறகு மறுபடி கீரையை உருவியது. "அவளுக்கு வேணும்னா இப்பவே கஞ்சி தாரேன். கூட்டிட்டு வாங்க. அரிசி தரமாட்டேன். அவுகளைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள கொண்டுபோய் வைங்க. அன்னைக்கு அரிசி தாரேன்."

"நானா மாட்டேங்கேன்? கமிட்டி கூடணும். தீர்மானம் போடணும். மேல எழுதணும்."

"கமிட்டி பெஞ்சு எரிஞ்சிட்டிருக்கு" என்றார் பாக்கியநாதன். "எதுல உக்காந்து கூடுவிய?"

போதகர் முற்றத்து மணலைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு இந்த ஊரில் இன்னும் யார் பெயரும் சரியாக வரவில்லை.

"தீ இன்னும் ஒரு மணி நேரம் நிக்கும்" என்றார் பாக்கியநாதன். "அணைஞ்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. எங்க அப்பாவுக்கும் தெரியாது. ஏன்னா அணைஞ்சதே இல்ல."

"அணையட்டும்" என்றாள் சொர்ணம். அப்படிச் சொன்ன பிறகு அவள் முகம் பயந்துபோயிருந்தது.

அப்போது கிறிஸ்டில்டா உள்ளேயிருந்து வந்தாள். இடுப்பில் ஒரு மண்கலயம் இருந்தது. கழுத்துவரை அரிசி இருந்தது.

"இது ஏது?" என்றாள் சொர்ணம்.

"நம்ம அரிசிதான். அப்பா போடச் சொன்னது. யாரும் நிறுத்தச் சொல்லல."

லேவி இறந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. சொர்ணம் உலைக்கு அரிசி அளந்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னக் கைப்பிடி குறைந்திருக்கிறது. அவளுக்கு அது தெரிந்ததே இல்லை. சொர்ணம் மகளையும் கலயத்தையும் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். கொடு என்றும் சொல்ல நினைத்தாள்.

"நீ போட்டது. நீயே பாத்துக்க" என்றாள்.

கிறிஸ்டில்டா முன்னால் நடந்தாள். மூன்று ஆண்களும் பின்னால் நடந்தார்கள். சொர்ணம் கீரையை முறத்தோடு விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தாள். கோயில் வெளியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்திருக்கத் தெம்பில்லாதவர்கள் தலையை நிமிர்த்தினார்கள், கூட்டம் இரண்டாக விலகி அண்டாவரைக்கும் பாதை விட்டது. யாரோ போனைத் தூக்கினார்கள். பக்கத்திலிருந்தவர் அதைத் தாழ்த்தினார். ஜெனிபா தன் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

அண்டாவுக்கு முன்னால் போய் கிறிஸ்டில்டா நின்றாள்.

"போடு தாயி" என்றார் தங்கத்துரை.

"பெரியப்பா, சோறு வெந்தா வரிசை எங்கருந்து தொடங்கும்?"

"எப்பவும்போல. கல்லறைத் தோட்டத்து வாசல்லருந்து."

"ஏன் அங்கருந்து?"

இது ஊரில் பேசத் தொடங்கிய குழந்தைக்கும் தெரிந்த விஷயம். தங்கத்துரை பதில் சொன்னார். "நமக்கு முன்னால போனவங்களும் நம்ம வரிசையில இருக்கணும். அதுக்குத்தான்."

"எங்க அப்பா?"

தங்கத்துரை வாயைத் திறந்தார். சட்டம் அவருக்கு மனப்பாடம். அதில் எந்த வரியை எடுப்பது என்று தேடுகிறவர்போல நின்றார். கூட்டத்தில் ஒரு கைக்குழந்தை அழுதது. அடுப்பில் கமிட்டி பெஞ்சின் பலகைகள் எரிந்து விழுந்து சாம்பலாகியிருந்தன. அதன் தேக்குக் கால் ஒன்றுதான் மீதி. ஒரு முனை எரிந்துகொண்டிருந்தது, இன்னொரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"வரிசையில..." என்று தொடங்கினார் தங்கத்துரை.

"பாப்பா, தீ போகப்போகுது" என்றார் பாக்கியநாதன்.

கிறிஸ்டில்டா தீயைப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள். ஜெனிபாவைப் பார்த்தாள். தீ அணையக்கூடாது என்பது விதி. அது எந்த இடத்தில் எரிய வேண்டும் என்பதற்கு விதி எதுவும் அவள் கேட்டதில்லை. விறகு தேரியில் மலைபோலக் கிடந்தது.

அவள் கலயத்தை இறக்காமலே குனிந்து, அடுப்பில் எரிந்துகொண்டிருந்த அந்த ஒரே கட்டையை எடுத்துக்கொண்டு, அப்பா இருக்கிற தேரியைப் பார்த்து நடந்தாள்.